வேரடியில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்

ஆனி மாதத்து முதல் மழை பெய்து ஓய்ந்ததும் ராஞ்சி நகரத்துத் தெருவோரங்களில் ஒரு புதிய பண்டம் விற்பனைக்கு வந்துவிடும். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வரும் பழங்குடிப் பெண்கள் அதனைக் கூடைகளிலும், சால மரத்து இலையால் தைத்த தொன்னைகளிலும் குவித்து வைத்திருப்பார்கள். கோலிக்குண்டு போல உருண்டையாக இருக்கும். மேலெல்லாம் மண் ஒட்டியிருக்கும். கழுவிச் சமைத்தால் மேல்தோல் நறுக்கென்று கடிபடும். உள்ளீடு மென்மையாக இருக்கும். இதன் பெயர் ருக்டா. சத்தீஸ்கரின் பஸ்தர்ப் பகுதியில் இதனையே 'போடா' என்று வழங்குகிறார்கள். அங்கே சந்தைக்குப் போகும் நம்மவர், கடைக்காரி தம்மைத்தான் விரட்டுகிறாள் என்று கருதித் திரும்பிவிட வேண்டா!

ருக்டா ஒரு காளான். இடி இடித்தால் அது முளைக்கும் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. நம் ஊர்ப் பாட்டிமாரும் காளானைப் பற்றி இதையேதான் சொல்வார்கள். சிராவண மாதத்தில் புலால் உண்ணாத குடும்பங்கள் இதனை விரும்பி வாங்குவதால், விலை ஆட்டிறைச்சியின் விலையை எட்டிப் பிடிப்பதும் உண்டு.

சென்ற ஆண்டு விடுதி நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இவ்வளவு விலை போகும் பொருளை ஏன் பயிரிடக் கூடாது? சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்க்கிறார்களே, இதற்கு மட்டும் என்ன தடை?"

நல்ல கேள்விதான். அதற்கு அன்று நான் சுருக்கமாக ஒரு விடை சொன்னேன். ஆனால் அந்த விடையைப் பின்பற்றிச் சென்றால், ஒரு காட்டில் ஏன் ஒரே மரம் மிகுந்திருக்கிறது, வேறொரு காட்டில் ஏன் பலவகை மரங்கள் கலந்திருக்கின்றன, ஒரு காட்டை வெட்டிவிட்டு வேறோர் இடத்தில் அதை உண்டாக்கிவிட முடியுமா என்னும் பெரிய வினாக்கள் வரை போக வேண்டியிருக்கிறது. அவற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு பழைய கேள்வி

நாம் காளான் என்று பறிப்பது காளானின் முழு உடலன்று. மாமரத்திற்கு மாங்கனி எப்படியோ, அப்படியே காளானுக்கு அந்தக் குடையும் உருண்டையும். அதன் உண்மையான உடல் மண்ணுக்குள் மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. ஓர் இழையின் பருமன் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரோ ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் பருமன் உடையது.

பச்சையம் இல்லாமையால் காளான் தானே உணவு ஆக்கிக்கொள்ள முடியாது. சிப்பிக் காளான் போன்றவை மக்கும் வைக்கோலையும் மரத்தையும் தின்று வாழ்கின்றன. ஆகையால் அவற்றைக் கொட்டகையில் வளர்க்கலாம். ருக்டா அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அது உயிருள்ள மரத்தின் வேரோடு கூடி வாழ்வது. சால மரம் இல்லாத கொட்டகையில் அதற்குச் சோறு இல்லை.

என் நண்பர் கேட்ட கேள்வியை ஜெர்மனியில் ஓர் அரசே முன்பு கேட்டது. டிரஃபிள் என்னும் விலையுயர்ந்த நிலத்தடிக் காளானைப் பயிரிட வழியுண்டா என்று ஆராயுமாறு பிரஷ்ய அரசு ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்னும் தாவரவியல் அறிஞரைக் கேட்டுக்கொண்டது. அவர் ஓக், பீச் முதலிய மரங்களின் வேர்களைத் தோண்டிப் பார்த்தார். நுனிவேர் ஒவ்வொன்றும் காளான் இழைகளால் ஆன ஓர் உறையைப் போர்த்திக்கொண்டிருப்பதைக் கண்டார். வேர் நோயுற்றிருக்கவில்லை; மரமும் செழிப்பாகவே இருந்தது. ஆகவே இது நோயன்று, கூட்டுவாழ்வு என்று அவர் முடிவு செய்தார். 1885-ஆம் ஆண்டில் அதற்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதன் பொருள் 'காளான்வேர்' என்பதே. இன்று டிரஃபிள் பயிரிடுகிறவர்கள் காளானைத் தனியே விதைப்பதில்லை. ஓக் முதலிய மரங்களின் கன்றுகளை, வேரில் காளானை ஏற்றி, மரமாகவே நட்டு வளர்க்கிறார்கள்.

யாருக்கு என்ன ஆதாயம்?

சோட்டா நாகபுரியின் செம்மண்ணைப் போன்ற புளிப்புத்தன்மையுள்ள மண்ணில் மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்கிறது. நீரில் எளிதில் கரைந்து ஓடி வருவதில்லை. வேர், தன்னை ஒட்டியிருக்கும் மணிச்சத்தை எடுத்துக்கொண்ட பிறகு, அதனைச் சுற்றி ஒரு வறண்ட வளையம் உண்டாகிவிடுகிறது. அந்த வளையத்தைத் தாண்டிச் செல்ல வேர் நீள வேண்டும். வேரை நீட்டுவதற்குச் செலவு மிகுதி. காளான் இழையோ மிக மெல்லியது. குறைந்த செலவில் நெடுந்தொலைவு சென்று, வேர் நுழைய முடியாத இடுக்குகளிலும் புகுந்து, மணிச்சத்தையும் தழைச்சத்தையும் நீரையும் திரட்டி வருகிறது. அதற்கு விலையாக, மரம் ஒளிச்சேர்க்கையால் ஆக்கிய சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பகுதியைக் காளானுக்கு அளிக்கிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் மிகத் தொன்மையானது. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தாவரப் புதைபடிவங்களுக்குள்ளேயே காளானின் அடையாளம் தெளிவாகத் தெரிகிறது. அந்தச் செடிகளுக்கு முறையான வேர்கூட அப்போது தோன்றியிருக்கவில்லை. வேர் உண்டாகுமுன்னரே காளான் துணை உண்டாகிவிட்டது!

துணை இல்லாவிட்டால் மரத்திற்கு என்ன நேரும்? இதற்கு மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள போர்ட்டோ ரிக்கோ நல்ல சான்று. அங்கே பைன் மரம் இயற்கையில் இல்லை. பல ஆண்டுகள் முயன்றும் பைன் கன்றுகள் மஞ்சளித்துக் குன்றிப்போயின, உரமிட்டும் பயனில்லை. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன் மரங்களின் அடியிலிருந்து மண் கொண்டுவந்து சில கன்றுகளின் வேரில் இட்டார்கள். அந்தக் கன்றுகள் ஓராண்டுக்குள் ஓங்கி வளர்ந்தன. மண் இடாதவற்றுள் பெரும்பாலானவை மடிந்தன. அந்த மண்ணில் பைனுக்கு ஏற்ற காளான் இருந்தது என்பதே வேறுபாடு.

இருவகைக் கூட்டாளிகள்

காட்டு மரங்களோடு கூடும் காளான்களை இரு பெரும் வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை உள்வேர்க் காளான். இது வேரின் உயிரணுக்களுக்குள் புகுந்து, சிறு மரம் போலக் கிளைத்து நிற்கும். அந்தக் கிளைகளின் வழியேதான் பண்டமாற்று நடைபெறுகிறது. இவ்வகைக் காளான் மண்ணுக்கு மேல் குடை விரிப்பதில்லை. ஆகையால் நம் கண்ணுக்கு அகப்படுவதில்லை. ஆயினும் தாவர இனங்களுள் பெரும்பாலானவை இதனோடுதான் கூடி வாழ்கின்றன. நெல், வாழை, தேக்கு, வேம்பு, மா, இலுப்பை எல்லாம் இந்தக் கட்சியே.

இரண்டாம் வகை புறவேர்க் காளான். ஃபிராங்க் கண்டது இதனைத்தான். இது உயிரணுவுக்குள் புகாமல், வேரின் மேல் உறையாகப் படர்ந்து, அணுக்களின் இடைவெளியில் மட்டும் வலையாகப் பின்னிக்கொள்ளும். பைன், தேவதாரு, ஓக், நம் சாலம் ஆகியவை இந்தக் கட்சி. ருக்டா இவ்வகையைச் சேர்ந்தது. தாவர இனங்களை எண்ணினால் இக்கட்சியில் 2 விழுக்காடுதான் தேறும். ஆனால் உலகில் நிற்கும் மரங்களைத் தலைக்கணக்கு எடுத்தால் ஏறத்தாழ 60 விழுக்காடு இக்கட்சிதான் என்று 2019-ஆம் ஆண்டில் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது. சில இனங்களே இருந்தும் இவ்வளவு மரங்கள்! இதன் பொருள் யாது? இவை செல்லும் இடங்களில் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன என்பதுதான்.

மண்ணை நடத்தும் முறையிலும் இருவகையும் வேறுபடுகின்றன. உள்வேர்க் கட்சியின் காட்டில் சருகு பொதுவாக விரைவில் மக்கி, சத்துக்கள் உப்பு வடிவில் வெளிப்படுகின்றன. புறவேர்க் காளான்களுள் பல, மக்காத பொருளிலிருந்தே தழைச்சத்தைப் பிரித்தெடுக்க வல்லவை. மக்கச் செய்யும் மற்ற நுண்ணுயிர்களுக்குச் சத்துப் போதாமற் போவதால் சருகு மக்குவது தாமதப்படலாம். நியூசிலாந்தின் பைன் காட்டில் இவ்விளைவைக் கண்டு 1971-ஆம் ஆண்டில் எழுதியவர்கள் கட்கில் என்னும் பெயருடைய இருவர். ஆகையால் இதற்குக் 'கட்கில் விளைவு' என்றே பெயர். 2014-இல் வெளியான வேறோர் ஆய்வு, மண்ணில் உள்ள தழைச்சத்தின் அளவோடு ஒப்பிடும்போது, புறவேர்க் கட்சியின் நிலங்கள் மற்றவற்றைவிட 70 விழுக்காடு மிகுதியான கார்பனைத் தேக்கி வைத்திருக்கின்றன என்று கண்டது. கரியமிலவாயு பெருகிவரும் இந்நாளில் இது சிறு செய்தியன்று.

தாயின் நிழலும் சேயும்

மரத்தின் அடியில் விழுந்த விதை நன்றாக வளருமா? 1970, 1971-ஆம் ஆண்டுகளில் ஜான்சன், கானல் என்னும் இரு அறிஞர்கள் தனித்தனியே ஒரே கருத்தைச் சொன்னார்கள். தாய் மரத்தின் அடியில் அம்மரத்திற்கே உரிய பூச்சிகளும் நோய்க்கிருமிகளும் பெருகியிருக்கும். ஆகவே சேய் அங்கே மடியும், தொலைவில் விழுந்ததே பிழைக்கும். தாயின் அடியில் காலியாகும் இடத்தில் வேற்று இனம் வந்து அமரும். இப்படியே ஓர் இனமும் முழு ஆட்சி பெறாமல், காடு பல இனங்களின் கூட்டமாகிறது.

ஆனால் எல்லா மரமும் இவ்விதிக்கு உட்படுகிறதா? வட அமெரிக்காவில் 55 மர இனங்களின் 550 கூட்டங்களை ஆராய்ந்து 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. உள்வேர்க் கட்சி மரங்களின் கன்றுகள் தம் இனத்து மரத்தின் மண்ணில் நலிந்தன. புறவேர்க் கட்சி மரங்களின் கன்றுகளோ தம் இனத்து மண்ணில் செழித்தன. புறவேர்க் காளானின் உறை நோய்க்கிருமிகள் வேரைத் தொடாமல் காக்கிறது. மேலும் தாயின் அடியில் ஏற்ற காளான் முன்னமே விரிந்து காத்திருக்கிறது. சேய்க்கு அங்கே நோயும் குறைவு, உணவும் ஆயத்தம்.

ஒரு காடு ஓரின ஆட்சியாவதும் பலவின அரங்காவதும் பெரிதும் மண்ணுக்கடியில் முடிவாகின்றன என்பதே இதனால் விளங்கும் உண்மை. காங்கோ நாட்டில் கில்பர்ட்டியோடெண்ட்ரான் என்னும் புறவேர்க் கட்சி மரம், நூற்றுக்கணக்கான இனங்கள் வாழும் மழைக்காட்டின் நடுவே, பரந்த நிலத்தைத் தானே ஆள்கிறது. நம் சாலக் காடும் அத்தகையதே. இங்கே இலுப்பை, கருமருது, வேங்கை, நெல்லி முதலியவை இடையிடையே நிற்பினும், எண்ணிக்கையில் சாலமே அரசு செலுத்துகிறது.

ஆயின் காளான் ஒன்றே காரணம் என்று கூறிவிடலாகாது. சாலம் காட்டுத்தீயைத் தாங்கும். வெட்டிய அடியிலிருந்து துளிர்க்கும். ரயில் தண்டவாளக் கட்டைகளுக்காக ஆங்கிலேயர் காலத்து வனத்துறையினர் அதனையே பேணி வளர்த்தார்கள். அன்றியும், போர்னியோவின் லம்பீர்க் காட்டில் சாலத்தின் உறவினமான மரங்களே ஓங்கி நிற்கின்றன. எனினும் அங்கே 52 ஹெக்டேரில் ஏறத்தாழ 1,200 மர இனங்கள் உள்ளன. புறவேர்க் கூட்டு ஓரின ஆட்சிக்கு வழி திறக்கிறது, கட்டாயப்படுத்துவதில்லை.

பன்மையின் பயன்

ஓரினக் காட்டிற்கு ஓர் இடர் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தில் சாலத்தைத் துளைக்கும் வண்டு பெருகி, இலட்சக்கணக்கான மரங்கள் பாழாயின. ஒரே இனம் நெருங்கி நின்றால் பகைவனுக்கு விருந்து எளிது.

பல இனம் கலந்தால் பயன் யாது என்பதை அளந்தறியச் சீனத்தின் ஜியாங்சி மாநிலத்து மலைச்சரிவில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் ஒரு பெரும் சோதனை தொடங்கினார்கள். 1,50,000-க்கும் மேற்பட்ட மரங்களை, ஓரினப் பாத்தியாகவும் 24 இனம் வரை கலந்த பாத்தியாகவும் நட்டார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து அளந்தபோது, 16 இனம் கலந்த பாத்திகள், ஓரினப் பாத்திகளின் சராசரியைப் போல் இரு மடங்குக்கு மேல் கார்பனைச் சேர்த்திருந்தன. ஒன்றன் வேர் ஆழம் செல்ல மற்றொன்றன் வேர் மேலே படர்கிறது; ஒன்று வெயிலை விரும்ப மற்றொன்று நிழலைப் பொறுக்கிறது. காளான் கட்சிகளும் அவ்வாறே. ஒன்று உப்பு வடிவச் சத்தைத் திரட்ட, மற்றொன்று மக்காத பொருளிலிருந்து எடுக்கிறது. அமெரிக்கக் காடுகளின் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2023-இல் வெளியான கட்டுரை, இரு கட்சி மரங்களும் கலந்த காடுகள், ஒரே கட்சி மிகுந்த காடுகளைவிட நன்கு வளர்கின்றன என்று காட்டுகிறது.

ஆகவே, சாலத்தின் இடையே நிற்கும் இலுப்பையும் நெல்லியும் வெறும் கலப்படம் அல்ல.

கதையும் கணக்கும்

மரங்கள் காளான் இழை வழியே ஒன்றோடொன்று பேசுகின்றன, தாய் மரம் சேய்க்குப் பாலூட்டுகிறது என்றெல்லாம் இந்நாளில் பலர் எழுதுகிறார்கள். அறிவியல் மாணவர்கள் இதனை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும்.

1997-ஆம் ஆண்டில் கனடாவின் சுசான் சிமார்டும் அவருடன் ஆய்ந்தவர்களும் பிர்ச், டக்ளஸ் ஃபர் என்னும் இருவகைக் கன்றுகளுக்கு வெவ்வேறு வகைக் கார்பனை ஊட்டிப் பார்த்தார்கள். ஒன்றில் ஊட்டியது மற்றொன்றில் காணப்பட்டது. இரண்டும் புறவேர்க் கட்சி. ஆகவே இழை வழியே சென்றிருக்கலாம் என்றார்கள். ஆனால் பக்கத்தில் நட்டிருந்த, உள்வேர்க் கட்சியைச் சேர்ந்த ரெட் சிடார் கன்றிலும் சிறிதளவு கார்பன் இருந்தது. கட்சி வேறாதலின் அது மண் வழியே சென்றிருக்க வேண்டும். எனவே கார்பன் முழுவதும் இழை வழியேதான் போயிற்று என்று சாதிக்க முடியாது. அந்த ஆய்வில் பங்கு கொண்ட மெலனி ஜோன்ஸே, வேறு இருவருடன் சேர்ந்து 2023-இல் எழுதிய கட்டுரையில், இவ்வலையைப் பற்றிய பேச்சு சான்றைத் தாண்டிப் போய்விட்டது என்று எடுத்துக் காட்டினார். தாம் பங்கு கொண்ட ஆய்வையே மீண்டும் நிறுத்துப் பார்க்கும் அந்த நேர்மை நாம் கற்க வேண்டிய பாடம். காளான் இல்லையேல் காடு இல்லை என்பதற்குச் சான்று நிறைய உண்டு. அதற்குக் கதை சேர்க்க வேண்டிய தேவை இல்லை.

ஈடு கட்ட முடியுமா?

இனி நம் காலடிக்கு வருவோம். ஜார்க்கண்டு, சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களின் சாலக் காடுகள் பல, நிலக்கரிக்கும் இரும்புக் கனிக்கும் மேலே நிற்கின்றன. சாரண்டாவின் புகழ்பெற்ற சாலக் காட்டிலேயே இரும்புச் சுரங்கங்கள் உள்ளன. காட்டு நிலத்தை வேறு பணிக்கு எடுத்தால், வேறிடத்தில் மரம் நட்டு ஈடு செய்ய வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த நடைமுறை. அதற்கான பணத்தைக் கையாள 2016-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. நோக்கம் நல்லதே. நாட்டிற்கு இரும்பும் மின்சாரமும் வேண்டும் என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் ஈடாக நடப்படுவது பல இடங்களில் யூகலிப்டஸ், தேக்கு போன்ற ஓரின வரிசைகளே. கணக்கேட்டில் மரத்திற்கு மரம் சரியாகிவிடும். மண்ணுக்கடியில்? சாலத்தின் விதை உதிர்ந்து ஒரு வாரம் அளவில் முளைக்காவிட்டால் உயிரிழந்துவிடும். முளைத்த கன்றும் பல ஆண்டுகள் தண்டு காய்வதும் மீண்டும் துளிர்ப்பதுமாகப் போராடியே நிலைபெறும். அந்தப் போராட்டத்தில் அதற்குக் கைகொடுப்பது பழைய மரங்களின் வேரில் வாழும் காளான்கள். மேல்மண்ணை வாரிக் குவித்துவிட்டால் அந்தத் துணையும் போய்விடுகிறது. வேறோர் இடத்தில் நட்ட தேக்கு அதற்கு ஈடாகாது. தேக்கு உள்வேர்க் கட்சி, அதன் அடியில் ருக்டா ஒருபோதும் முளைக்காது. ஆனி மாதத்தில் கூடையோடு வரும் பெண்ணுக்கு அந்த ஈட்டில் பங்கு ஏது?

செய்யத்தக்கவை சில உண்டு. வெட்ட வேண்டா என்று விடக்கூடிய காட்டை விட்டுவிடுதல் முதலாவது. அழிந்த நிலத்தைத் திருத்தும்போது அருகில் எஞ்சியுள்ள காட்டின் மேல்மண்ணில் சிறிது கன்றின் குழியில் இடுதல், அந்நிலத்திற்கு உரிய பல இனங்களை இரு கட்சியிலிருந்தும் கலந்து நடுதல், எஞ்சிய பழைய மரங்களை வெட்டாமல் இடையிடையே நிறுத்திவைத்தல் ஆகியவை அடுத்தவை. இவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. முண்டா, ஒராவோன் மக்கள் சர்ஹுல் விழாவில் சாலப் பூவைச் சூடி வணங்கும் சர்னா என்னும் தோப்புகளில் பழைய மரங்களும் கிளறப்படாத மண்ணும் இன்றும் உள்ளன. நம் நாட்டுப்புறத்துக் கோயில் காடுகளுக்கு இவை உடன்பிறப்பு. எங்கே தொடங்குவது என்பதற்கு அவை வழிகாட்டும்.

நண்பருக்கு அன்று நான் சொன்ன விடை இதுதான்: "ருக்டாவைப் பயிரிட வேண்டுமானால் சாலக் காட்டைத்தான் பயிரிட வேண்டும்." அவர் சிரித்தார். அடுத்த மழைக்காலத்தில் தெருவோரத்தில் அந்தக் கூடையைக் காணும்போது, நண்பர்களே, நீங்களும் ஒரு தொன்னை வாங்கிப் பாருங்கள். சுவையைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அதன் மேல் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவுமுன் ஒரு நொடி எண்ணிப் பாருங்கள்: காட்டைக் காடாக வைத்திருப்பதில் பாதி வேலை அந்த மண்ணில்தான் நடைபெறுகிறது.